கறுத்த தோலுக்கு எதுக்கு வெயில் கிரீம்? ஓப்பநாயக்கவிலிருந்து இரத்தினபுரி வரை

சகலருக்கும் அறியத்தருவது: எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் உத்தியோகபூர்வ சிங்கள மொழிபெயர்ப்பாளர், வயது பதினாறு, அதாவது நான், சென்ற செவ்வாய்க்கிழமை ஓப்பநாயக்கவிலிருந்து இரத்தினபுரிக்கு விஜயம் செய்தார். வரவேற்க மழை மட்டும் வந்தது.

போன காரணம் செல்வி அக்காவின் முகம். கொழுந்து எடுப்பவள். வெயிலில் கறுக்கக் கூடாதென்று, பெயர் ஒட்டாத டப்பாவில் விற்ற வெள்ளை கிரீமை மூன்று மாதம் பூசினாள். முதலில் வெளுத்தது. பிறகு கன்னம் எரிந்து, திட்டுத் திட்டாகக் கறுத்தது. “முகத்துக்கு வெள்ளையடிச்சா மழைக்குக் கரையத்தானே செய்யும்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. இந்தக் கறுப்புச் சிங்கத்துக்கு கிரீமும் வேண்டாம், குடையும் வேண்டாம் என்று வேறு பீற்றிக்கொண்டேன்.

காலை 5.40 பஸ். முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு 130 ரூபாய். முன் சீட்டில் ஒரு வெள்ளைக்காரி. வெயில் காய்ந்து இரண்டு தோளிலும் தோல் உரிந்திருந்தது.

“அவ கறுக்கணும்னு காயிறா, நான் வெளுக்கணும்னு பூசுறேன்” என்றாள் அக்கா. “ரெண்டு பேருக்கும் தோல் போச்சு.”

ஆஸ்பத்திரியில் நம்பர் 47. டொக்டர் நோனா, அதாவது டொக்டர் அம்மா, சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். வெள்ளைத் தோல் வெயிலில் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். கறுத்த தோலில் சட்டென்று தெரியாது, ஆனாலும் கெடும். திட்டு விழுந்தால் மறைய நாளாகும். அந்த டப்பாவைத் தொடாதே, வெயில் கிரீம் பூசு, பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயிலில் நிற்காதே.

“அந்த நேரம் மலையில நிக்காம எப்படிடா கொழுந்து எடுக்கிறது? கேளு.”

கேட்டேன். அதற்கு டொக்டர் அகலத் தொப்பி, நீளக் கைச் சட்டை என்றார்.

“பழைய மாதிரி வருமா?”

“முழுசா வருமான்னு சொல்ல முடியாதாம்க்கா.”

அக்கா முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டாள்.

வீட்டில் வேறு யாராவது பூசினார்களா என்று டொக்டர் கேட்டார். நானே “நே”, இல்லை, என்றேன். அந்தக் கேள்வியை மட்டும் அக்காவுக்குச் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்கு முன்னால் நம்பர் எடுங்கள். பூசிய டப்பாவையும் கொண்டுபோங்கள். மொழிபெயர்ப்பாளர் பொய் சொல்லாதவராக இருக்கட்டும்.

ஏனென்றால், டப்பா அவ்வளவு சீக்கிரம் காலியானதற்குக் காரணம் நான்தான். பள்ளிக்கூட போட்டோவுக்காகத் திருடிப் பூசினேன். முடியை இழுத்துவிட்டு மறைத்த நெற்றி இப்போதும் எரிகிறது. இன்று காலை அக்காவிடம் சொன்னேன். திட்டவில்லை. முடியை ஒதுக்கிப் பார்த்தாள்.

“சிங்கத்தைப் பாரேன்” என்றாள்.

வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி அதே பஸ். இந்த முறை நம்பர் எனக்கு.