ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

அந்தக் குடியிருப்பில் அவனுக்கு மேல்மாடி மாப்பிள்ளை என்று பெயர். ஏழாம் மாடியில் மாமியார் வீடு. அங்கே வீட்டோடு வந்து சேர்ந்த மாப்பிள்ளை அவன். பெயரை வைத்தவர் வாட்ச்மேன். வைத்த பிறகு அவருக்கே அது ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. அவனைக் கண்டதும் மீசையைத் தடவிக்கொண்டு, "என்ன மேல்மாடி, இன்னைக்கு எத்தனை போர்வை மடிச்சீங்க?" என்பார்.

போர்வை மடிப்பதுதான் அவன் வேலை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில், ஆவி பறக்க இயந்திரத்திலிருந்து வந்து விழும் போர்வைகளை நாலாக மடித்துப் பத்துப் பத்தாக அடுக்க வேண்டும். தன் நாட்டில் பன்னிரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். மோட்டார் அறைக்குள் நுழைந்தால் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். மனைவி கிடைத்ததும் லிஃப்டால்தான். இரண்டு வருஷ வேலைக்காக அங்கே வந்திருந்தவள், தன் அலுவலக லிஃப்டைப் பற்றி வாரம் ஒரு புகார் எழுதினாள். பாதிப் புகார்கள் பொய் என்பது இரண்டாம் மாதமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் எல்லாவற்றுக்கும் போனான். பிறகு அவளுடைய அப்பா இறந்து, அம்மா தனியாகிப் போனார். ஒரே மகள். அவன்தான் சொன்னான்: "உன் ஊருக்கே போயிடலாம். லிஃப்ட் இல்லாத ஊரா?"

லிஃப்ட் இருந்தது. தொடத்தான் முடியவில்லை.

இந்த நாட்டில் உரிமம் இல்லாதவன் லிஃப்டின் இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது. வெளிநாட்டுக்காரன் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, அதன்பின் ஒரு வருஷக் காத்திருப்பு. அந்த ஒரு வருஷமும் எந்த லிஃப்டையும் தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டிருந்தான். அலுவலக வரிசையில் பழக்கமான இன்னொரு மெக்கானிக், பக்கத்து வீட்டுக்காரர் கெஞ்சினார் என்று ஒரு லிஃப்ட் கதவைச் சரிசெய்து கொடுத்தான். யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். விண்ணப்பத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட்டார்கள். அவன் இப்போது மீன் பெட்டி சுமக்கிறான்.

நம் ஆளுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி.

மாமியாருக்கு லிஃப்ட் மெக்கானிக் என்பதே வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான உத்தியோகமாகத் தெரியவில்லை. போர்வை மடிப்பது அதற்கும் கீழே. யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றாரு" என்று சொல்லி வைத்திருந்தார். அவனிடம் நேராகப் பேசமாட்டார். மகள் இருந்தால் மகள் வழியாக: "உன் வீட்டுக்காரரைச் சாப்பிட வரச் சொல்லு." அவன் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான். மகள் வேலைக்குப் போயிருந்தால் ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பேசுவார். "குளிச்சா குழாயை இறுக்கி மூடணும். இந்த வீட்டுல யார்கிட்டச் சொல்லி யாருக்குக் கேக்குது?" ஃப்ரிட்ஜ் பதில் சொல்லாது. அவனும் சொல்லமாட்டான். ஒரு வருஷமாக வாங்கிய திட்டுக்கு வேறு ஃப்ரிட்ஜாக இருந்தால் சூடேறியிருக்கும்.

மூன்று வாரமாக அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்போது லேசாக முனகியது. மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. அவனுக்கோ சோற்றில் கல் கடிபட்டது மாதிரி இருந்தது. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, விடவும் இல்லை.

"புகார் நோட்டுல எழுதுங்கண்ணே," என்று வாட்ச்மேனிடம் இரண்டு தரம் சொன்னான்.

"எழுதியாச்சு. லிஃப்ட் கம்பெனிக்காரன் வந்தான், நல்லாத்தானே ஓடுதுன்னான், போயிட்டான். உங்களுக்குக் காது கொஞ்சம் ஜாஸ்தி மேல்மாடி."



அன்று காலை ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வந்தபோது, வாட்ச்மேன் வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மீசையைத் தடவவில்லை.

"உங்க மாமியார் உள்ள மாட்டிக்கிட்டாங்க. குப்பை கொட்டிட்டு மேல போனாங்க. அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நின்னுடுச்சு."

"எவ்வளவு நேரமா?"

"இருபது நிமிஷம். கம்பெனிக்காரன் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கானாம், வர ரெண்டு மணி நேரம்ங்கிறான். ஃபயர் சர்வீஸுக்கும் போட்டேன். பெயிண்ட் கிடங்குல தீயாம், வண்டியெல்லாம் அங்க. முக்கால் மணியாவது ஆகும்ங்கிறாங்க."

அவன் படியேறி ஓடினான். ஓடும்போதே, பழைய பழக்கம், ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவை ஒரு கையால் தள்ளி, மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனான். ஆறாம் மாடிக் கதவின் இடுக்கில் வாயை வைத்தான்.

"அத்தை, நான்தான். பயப்படாதீங்க."

கீழேயிருந்து குரல் வந்தது. "யாருக்குப் பயம்? லிஃப்ட் லிஃப்ட்னு கட்டி அழுறவங்கல்லாம் இருக்கிற வீட்டுல, கடைசியில நான் நட்ட நடுவுல தொங்குறேன்."

ஃப்ரிட்ஜிடம் பேசுகிற அதே குரல்தான். ஆனால் வாக்கியத்துக்கு நடுவே மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. மாமியாருக்கு ஆஸ்துமா.

"மருந்து கையில இருக்கா அத்தை?"

"குப்பை கொட்டப் போறவ கைப்பையோடவா போவா?"

ஏழாம் மாடிக்கு ஓடினான். அந்த மாடிக் கதவையும் தள்ளிப் பார்த்துவிட்டு வீட்டைத் திறந்தான். மருந்துக் குப்பி சாப்பாட்டு மேஜையில் இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கி வந்தபின்தான், அதைக் கொடுக்க வழியில்லை என்பது உறைத்தது. கதவு இடுக்கில் ஒரு காகிதம் நுழையும். குப்பி நுழையாது, நுழைந்தாலும் அடியில் பள்ளத்தில்தான் போய் விழும்.

மனைவிக்குப் போன் போட்டான். அவள் நகரத்துக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அங்கிருந்து வீடு ஒரு மணி நேரம். அவன் சொல்லி முடித்ததும், கண்ணாடிக் குழாயை எங்கோ வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒன்பது நாள்தான் இருக்கு," என்றாள்.

"தெரியும்."

"அம்மா எப்படிப் பேசறாங்க?"

"திட்டறாங்க."

"அப்பச் சரி. திட்டற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. நான் கிளம்பிட்டேன். நீங்க எதையும் தொட்டுடாதீங்க." ஆனால் போனை வைக்கவில்லை. "இல்ல, எனக்குத் தெரியல. என்னைக் கேக்காதீங்க."

அவன் கதவில் காதை வைத்து உட்கார்ந்தான். திட்டை எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை. முதலில் கம்பெனிக்காரனுக்கு விழுந்தது. பிறகு வாட்ச்மேனுக்கு. பிறகு, வாரம் ஒரு புகார் எழுதி வாழ்க்கையைத் தேடிக்கொண்ட மகளுக்கு. பிறகு அவனுக்கு: "போர்வை மடிக்கிறதுக்கு... இவ்வளவு தூரம்... வரணுமா?" ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு. பிறகு ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. பிறகு இருமல். அப்புறம் எதுவும் இல்லை.

"அத்தை?"

கதவைத் தட்டினான்.

"அத்தை, ஏதாவது திட்டுங்க."

விசில் மாதிரி மூச்சு மட்டும் கேட்டது. அதற்குள்ளிருந்து மெல்லிய குரலில், மரியாதையாக: "மாப்பிள்ளை... கொஞ்சம்... பாருங்களேன்."

ஒரு வருஷத்தில் அவர் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. எழுந்தான்.

வாட்ச்மேன் மூச்சு வாங்கப் படியேறி வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, மோட்டார் ரூம் சாவி. கதவு திறக்கிற முக்கோணச் சாவியும்."

"குடுத்தா என் வேலை போயிடும்பா. எனக்கு ரெண்டு பொண்ணு."

"நீங்க குடுக்க வேணாம். படியில வச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

வாட்ச்மேன் சாவிக் கொத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். உள்ளே விசில் சத்தம். "திரும்பி நின்னா டார்ச்சை எவன் பிடிப்பான்? நடங்க," என்றார்.

"அத்தை, கதவை விட்டுத் தள்ளி, பின் சுவர்ல சாஞ்சு உக்காருங்க. பெட்டி அசையும். நான் சொல்லித்தான் அசையுது. சரியா?"

மொட்டைமாடியில் மோட்டார் அறை வெந்துகொண்டிருந்தது. கிரீஸும் தூசியும் கலந்த அந்த வாசனையை அவன் ஒரு வருஷம் கழித்து முகர்ந்தான். முகர்ந்து மகிழ நேரமில்லை. மெயின் சுவிட்சை இறக்கினான். சுவரில் மாட்டியிருந்த பிரேக் நெம்புகோலை எடுத்துப் பொருத்தினான். கைச்சக்கரத்தின் மூடியைக் கழற்றினான்.

"பிரேக்கை விட்டா கீழ விழுந்துடாதா?" டார்ச் ஆடியது.

"விழாது. உள்ள ஒரே ஆள். எதிர்ப்பக்கம் தொங்குற எடை ஜாஸ்தி. விட்டா மேலதான் போகும். நீங்க கயித்துல லைட் அடிங்க. அங்க மஞ்சப் பெயிண்ட் அடிச்சிருக்கும், அது இந்தக் கோட்டுக்கு நேரா வந்தா பெட்டி மாடிக்கு நேரா நிக்குதுன்னு அர்த்தம். வந்ததும் சொல்லுங்க."

வலது கையால் நெம்புகோலை அழுத்தினான். இடது கை சக்கரத்தைப் பிடித்திருந்தது. சக்கரம் ஒரு சாண் நகர்ந்தது. பிரேக்கை விட்டுப் பிடித்தான். இன்னொரு சாண். வேகம் எடுக்கப் பார்த்தது, பிடித்தான். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க மூன்றாவது கை இல்லை. இன்னொரு சாண்.

"மஞ்ச வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம். கொஞ்சம்... போதும், போதும்!"

பிரேக் இறுகியதா என்று சக்கரத்தை ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. அப்படியே போட்டுவிட்டு ஓடப் போனவன் வாசலில் நின்றான். சட்டைப்பையிலிருந்த சலவைக்கூடத்து ஷிப்ட் அட்டையை எடுத்து, பின்பக்கம் 'தொடாதே' என்று எழுதி, இறக்கிய மெயின் சுவிட்சில் செருகினான். பிறகுதான் ஓடினான்.

ஆறாம் மாடியில் முக்கோணச் சாவியால் கதவைத் திறந்தான். மாமியார் தரையில், மடியில் காலிக் குப்பைக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. குப்பியை வாயில் வைத்து அழுத்தினான். ஒன்று. எண்ணிக்கொண்டு, இன்னொன்று. அவர் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கொஞ்சங் கொஞ்சமாக விசில் அடங்கியது. உதட்டில் நிறம் வந்தது.

"இவ்வளவு நேரமா?" என்றார். ஃப்ரிட்ஜைப் பார்த்து இல்லை, அவனைப் பார்த்து.

அவரை வெளியே தூக்கி நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஃபயர் சர்வீஸுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொன்னார் வாட்ச்மேன். பிறகு அவன் காதருகே வந்து, "அதுவா மேல வந்துச்சு. நானும் பாக்கல, நீங்களும் தொடல. சரிதானே?" என்றார். அவன் தலையாட்டினான். கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினான். நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

ரெண்டு மணி நேரம் என்ற கம்பெனிக்காரர் ஒரு மணி நேரத்திலேயே வந்துவிட்டார். அதற்குள் ஐந்தாம் மாடிக்காரியும் ஆறாம் மாடிக்காரர்களும் நடையில் கூடிவிட்டார்கள். அவர் நேராக மேலே போனார். இறங்கி வரும்போது கையில் ஷிப்ட் அட்டை இருந்தது.

"யாரு மேல போனது?"

"யாரும் போகலைங்க. லிஃப்ட் அதுவா மேல வந்துச்சு," என்றார் வாட்ச்மேன், சுவரைப் பார்த்து.

"மெயின் சுவிட்சும் அதுவா இறங்கிக்கிச்சா?"

அவன் கைகளைப் பையில் விட்டுக்கொண்டான். இன்னும் ஒரு நிமிஷம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கம்பெனிக்காரருக்கும் வேறு வேலை இருக்கும்.

"அதுவா வர்றதுக்கு அது என்ன பூனைக்குட்டியா?" நாற்காலியிலிருந்து குரல் வந்தது. மூச்சோடு குரலும் திரும்பியிருந்தது. "எங்க மாப்பிள்ளைதான் கொண்டு வந்தாரு. பன்னிரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவரு. நீங்க ரெண்டு மணி நேரம்னீங்க, அவரு பத்தே நிமிஷத்துல கதவைத் திறந்தாரு. எழுதிக்குங்க."

"கம்ப்யூட்டர்னு சொன்னீங்களே?" என்றாள் ஐந்தாம் மாடிக்காரி.

"கம்ப்யூட்டரை யார் வேணா பண்ணலாம்."

"அம்மா!" படிக்கட்டில் மனைவி நின்றிருந்தாள். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. "என்னம்மா பண்ணிட்டே!"

மாமியார் மகளின் முகத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு, லிஃப்டைத் தொடமாட்டேன் என்று அவன் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. கை தானாக வாய்க்குப் போனது.

"லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார் கம்பெனிக்காரர்.

"ஒன்பது நாள்ல வரும்."

"அப்ப இல்ல." அவர் அறிக்கைப் புத்தகத்தைத் திறந்தார். "அசைக்கறதுக்கு முன்னாடி மாடிக் கதவெல்லாம் பாத்தீங்களா?"

"கீழ இருந்து ஏழாம் மாடி வரைக்கும் பாத்தேன்."

"அப்புறம் ஏன் மெயினைப் போடலை?"

"பிரேக் கட்டை தேஞ்சிருக்கு. பாக்காம ஓட்டக் கூடாது."

வாட்ச்மேன் இதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று புகார் நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். "மூணு வாரமா சொல்றாருங்க. தேதியோட இருக்கு, ரெண்டு தரம். நீங்கதான் நல்லா ஓடுதுன்னீங்க." தன் இரண்டு பெண்களையும் அந்த நிமிஷம் மறந்துவிட்டார் போல.

கம்பெனிக்காரர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். "எனக்கும் மேல ஆள் இருக்கு. நடந்ததை எழுதாம விட முடியாது," என்றார். பேனாவைத் திறந்துகொண்டு சொன்னார்: "எழுதினா எல்லாத்தையும்தான் எழுதணும்."

ஒன்பதாம் நாள் கடிதம் வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை. வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. சலவைக்கூடத்தில் இரண்டு முறை எண்ணிக்கையைத் தவறவிட்டான். பதினாறாம் நாள் கடிதம் வந்தது. இந்த நாட்டு எழுத்தை அவன் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். வருகிற கடிதங்களையெல்லாம் மாமியார்தான் சத்தமாகப் படிப்பார். அன்றும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். நடுவில் நிறுத்திவிட்டார்.

"சொல்லும்மா," என்றாள் மகள்.

"தள்ளலை. ஆனா ஆறு மாசம் ஒத்திப் போட்டிருக்கான். விதியை மீறினதுக்குத் தண்டனையாம். செஞ்ச முறை சரியா இருந்ததால விண்ணப்பத்தை ரத்து பண்ணலையாம்." கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

"நீங்க சும்மா இருந்ததாலதான் அத்தை நான் மேல போனேன்," என்றான் அவன்.

மாமியாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னார்: "உங்களுக்கு லைசென்ஸ் வர்ற வரைக்கும் நான் அந்தப் பெட்டியில கால் வைக்க மாட்டேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் குப்பைக் கூடையோடு படியிறங்கினார். கைப்பிடியைப் பற்றி, மாடிக்கு மாடி நின்று. சட்டைப்பையில் மருந்துக் குப்பியோடு அவன் இரண்டு படி பின்னால் போனான். ஐந்தாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, சுவருக்கு அந்தப் பக்கம், புதுப் பிரேக் கட்டை போட்ட லிஃப்ட் கடந்து போய்க் கீழே நின்றது. இரண்டு பேரும் காதைக் கொடுத்தார்கள்.

"சத்தம் சரியா இருக்கா மாப்பிள்ளை?"

"சரியா இருக்கு."

"அப்ப நடங்க. இன்னும் அஞ்சு மாடி இருக்கு."