ஹால் விளக்கில் ஓடிய கடிகாரம்

எங்கள் வீட்டு ஹாலில், டியூப் லைட்டுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறது. வெள்ளை முகம், கறுப்பு முட்கள், சாதாரணக் கடிகாரம்தான். அதன் அடியில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குப் பனைவெல்ல நிறத்தில் ஒரு கண்ணாடிப் பட்டை. பழைய கால்குலேட்டர்களின் நெற்றியில் இருக்குமே, அதே ஜாதி. வெயில் வேண்டாம், மொட்டை மாடி வேண்டாம். வீட்டுக்குள் எரிகிற விளக்கின் வெளிச்சத்தையே மின்சாரமாக்கிக் கடிகாரத்தை ஓட்டும். அதைக் கொண்டுவந்து மாட்டியவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனின் மனைவி. அந்தக் கடிகாரத்தில் நான் மணி பார்த்த நாட்களைவிட அதைப் பார்த்து வயிறெரிந்த நாட்கள் அதிகம்.

அவள் முட்டுக்காட்டுப் பெண். இயற்பியல் படித்தவள். திருப்போரூர் தாண்டி ஒரு கம்பெனியில் இந்தப் பட்டைகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. காலையில் செங்கல்பட்டில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவாள். வந்த களைப்போடு சொல்லாமலே பாத்திரம் துலக்குவாள். வாய்க்கு வாய் "அக்கா" என்பாள். கொஞ்சம் வாயாடியாக, கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். வெறுப்பதற்கு ஒரு காரணம்கூடத் தராதவளை வெறுப்பது பெரிய பாடு. அந்தப் பாட்டை நான் தினமும் பட்டேன்.

இதில் என் மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ரீடிங் எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு அறையை விட்டு வெளியே வந்தால் கை தானாக சுவிட்சுக்குப் போய்விடும். "ஆளில்லாத ரூமுக்கு இன்னாத்துக்கு லைட்டு? செவுத்துக்குக் கண்ணு கீதா?" என்பார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அரசாங்கத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வேலையெல்லாம் முடித்து ஹாலில் புத்தகத்தைப் பிரித்தால் அரை மணி நேரம்கூட ஆகாது, வந்து நிற்பார். "போதும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்." டப்பென்று விளக்கு அணையும். நாளைக்கும் அதேதான். இரண்டு வருஷம் முட்டி மோதிவிட்டுப் புத்தகங்களைப் பரணில் ஏற்றினேன். இப்போதும் அங்கேதான் இருக்கின்றன.

அப்படிப்பட்டவர் சின்ன மருமகள் கொண்டுவந்த கடிகாரத்தின் முன்னால் குழந்தையாகிவிட்டார். வருகிறவர் போகிறவரையெல்லாம் அதன் முன் நிறுத்துவார். "பேட்டரி கெடயாது, ஒயரு கெடயாது. மீட்டரே இல்லாத கரண்டு! நான் வேலைல இருந்தப்ப இது வந்திருந்தா இத்த இன்னான்னு ரீடிங் எடுத்திருப்பேன், சொல்லு!" என் கையால் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே விருந்தாளிகள் அவளைப் புகழ்வார்கள். காபியைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

கம்பெனியில் அந்தக் கடிகாரத்தைச் சும்மா கொடுக்கவில்லை. ஒரு சாதாரண வீட்டில் மூன்று மாதம் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்து அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். சரியாக ஓடினால் வீடுகளில் நடக்கிற சோதனைகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பாளர் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு இரு பக்கமும் ஒட்டுச்சுவர். குறுகலான சந்துப் பக்கம் பார்த்த ஒற்றை ஜன்னலோடு ஹால் பகலிலேயே மங்கலாக இருக்கும். "பகல் பூரா வெளிச்சத்த வாங்கி சேத்து வெச்சுக்கும் அக்கா. ராத்திரி அத வெச்சு ஓடும். சேத்தது கம்மியானா விடியறதுக்குள்ள நின்னுடும்" என்று எனக்குத்தான் பொறுமையாக விளக்கினாள். அன்று மாலையே மாமனார் உத்தரவு போட்டார்: "சின்னவளோட கடியாரத்துக்கு வெளிச்சம் வோணுமாம். பகல்ல ஹால் லைட்ட யாரும் நிறுத்தக் கூடாது."

எனக்குக் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. ஒரு மனுஷி படிப்பதற்கு எரியாத விளக்கு, ஒரு கடிகாரத்துக்காக ஆளில்லாத ஹாலில் எரியப் போகிறது. நான் அழவில்லை, சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து, மதியச் சாப்பாடு முடிந்து மாமனார் பின்கட்டில் படுத்ததும், ஹால் விளக்கை அணைத்தேன். ஜன்னல் திரையையும் இழுத்து மூடினேன். நாலரை மணிக்கு அவர் எழுவதற்கு முன்னால் இரண்டையும் பழையபடி ஆக்கிவிடுவேன். இந்த வீட்டில் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்த பாடம்தானே அது, ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பது?

நாலைந்து நாளில் கடிகாரம் பின்தங்கத் தொடங்கியது. விடியற்காலையில் எப்போதோ நின்றுபோய், காலையில் விளக்கு போட்டதும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஒருநாள் முக்கால் மணி நேரம், இன்னொரு நாள் இரண்டு மணி நேரம். அவள் முக்காலி போட்டு ஏறிப் பட்டையைத் துடைப்பாள், பின்மூடியைத் திறந்து உள்ளே அசைத்துப் பார்ப்பாள், உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டில் எழுதுவாள். பார்க்க எனக்கு இனித்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் இனித்தது என்பதுதான் உண்மை.

ஒருநாள் காய்ச்சலென்று மதியமே திரும்பிவிட்டாள். ஹால் இருட்டாக இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியவள் திரையைப் பார்த்தாள், சுவிட்சைப் பார்த்தாள். "கண்ணு கூசுது, தலவலி. அதான்" என்றேன். "படுத்துக்கோங்க அக்கா, தைலம் தேய்க்கட்டுமா?" என்றாள். உடம்பு அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தவள் கேட்ட கேள்வி அது. ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்து நான் நிம்மதியடைந்தேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் அவளுடைய மேலதிகாரி வீட்டுக்கு வந்தார். நோட்டைப் புரட்டினார், கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தார், பட்டையில் குறை ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு பகலெல்லாம் வீட்டில் இருக்கிற என்னிடம் திரும்பி, "பகல்ல லைட் எரியுதா மேடம்?" என்று கேட்டார். மாமனார் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். "காலைலேர்ந்து எரிஞ்சிகினேதான் சார் இருக்குது" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியானால் கோளாறு பட்டையில்தான் என்று எழுதிக்கொண்டு, அவர் கடிகாரத்தையும் எடுத்துப் போனார். பொறுப்பாளர் பதவி வேறு யாருக்கோ போயிற்று. வேறு கம்பெனிக்கு மாறி அது அவள் கைக்கு வர மூன்று வருஷம் ஆனது.

சில மாதங்களில் அவளும் கொழுந்தனும் திருப்போரூரில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். பஸ் அலைச்சல் மிச்சம் என்றுதான் காரணம் சொன்னாள். மாமனார் முகம் வாடியதைப் பார்த்து, கம்பெனியில் கேட்டுக் கடிகாரத்தை வாங்கிச் சரிசெய்து மறுபடி மாட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அது நிற்கவேயில்லை. நான் விளக்கை அணைத்தும் பார்த்தேன், திரையை மூடியும் பார்த்தேன், ஓடியது. மாமனார் காலமாகி, என் மகன் கல்லூரிக்குப் போய், வீடே வெறிச்சோடிய பிறகும் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டேயிருந்தது. தொட்டதெல்லாம் துலங்குகிற கை அவளுக்கு, விளங்காத கை எனக்கு என்று நான் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கடிகாரத்தைக் கழற்றினேன். கை நழுவிக் கட்டிலில் விழுந்தது, பின்மூடி திறந்துகொண்டது. உள்ளே பொட்டு மாதிரி ஒரு பேட்டரி. இரண்டு ஒயரால் பற்றவைத்து, மேலே வெள்ளை டேப் ஒட்டி, அவளுடைய முத்து முத்தான எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தது: 'மதியத்துக்கு'.

வெள்ளையடிக்க வந்தவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காது கேட்டது. பேட்டரி வேண்டாம் என்பதுதான் அந்தக் கடிகாரத்தின் பெருமையே. அந்தப் பெருமையைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டு, என் மதிய நேரத்துக்கு ஈடு கட்டியிருக்கிறாள். காய்ச்சலோடு வந்த அன்றே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்த அதிகாரியின் முன்னால் நான் புளுகியபோது தெரிந்துகொண்டேதான் தலை குனிந்திருக்கிறாள். எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, பழைய எரிச்சல்தான். தப்பைச் செய்தவள் நான். அதிலிருந்து கிடைத்த நல்ல பெயர்கூட அவளுக்கே. வெட்கம் அதற்குப் பின்னால் வந்தது. வந்தது போகவில்லை.

அந்தப் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். ஜன்னல் திரையையே எடுத்துவிட்டேன். காலை எட்டு மணிக்கு ஹால் விளக்கைப் போட்டால் நான் படுக்கப் போகும்போதுதான் அணைக்கிறேன். ஒரு நோட்டு வாங்கி, தினமும் காலையில் போனில் மணி பார்த்து, கடிகாரம் எவ்வளவு தவறியிருக்கிறது என்று எழுதி வந்தேன். நேற்று தொண்ணூறாவது நாள். அவளுக்குப் போன் செய்தேன்.

"உன் கடியாரம் ஓடிகினு கீது" என்றேன்.

"பேட்டரி தீந்திருக்குமே அக்கா" என்றவள், சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

"பேட்டரிய எடுத்துட்டேன். மூணு மாசம் ஆச்சு. மதியத்துலயும் லைட்டு எரியுது."

அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவளோ, அதிகாரியிடம் நோட்டை நீட்டிய அந்தக் காலத்துக் குரலில் கேட்டாள்: "எத்தினி நிமிஷம் பின்னாடி போச்சு அக்கா?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். யாருமில்லாத ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சரியான நேரத்தைக் காட்டியபடி அவள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருந்தது. இருந்தாலும் சுவிட்சுப் பக்கம் போகவில்லை. பரணுக்கு ஏணி எங்கே என்று தேடப் போனேன்.