கிணற்றுக்குக் காட்டிய கற்பூரம்

கரவெட்டியில் எங்கள் வேலிக்கு அடுத்த வளவில் இருந்தவர் நாகலிங்கம். கிணறு இறைத்துச் சேறு அள்ளுவதுதான் தொழில். மெலிந்த மனிதர். கயிற்றில் இறங்கும்போது பாதத்தால் சுவரைத் தடவித் தடவிப் போவார். அந்தச் சத்தம் மேலே நிற்கிற எங்களுக்கும் கேட்கும்.

கடவுள் இல்லை என்பவர். அதை மனதுக்குள் வைத்திருக்கிறவரும் அல்ல. கோயிலுக்குப் போகிற என்னை மறித்து, "என்ன பிள்ளை, கல்லுக்குக் குளிருதெண்டு பட்டுக் கொண்டு போறியோ?" என்று கேட்பார். திருநீறு பூசியவர்களைக் கண்டால், "சாம்பல் கூடினால் மூளை குறையும்" என்பார். ஊரும் சும்மா இருக்கவில்லை. அவர் வீட்டில் ஒருவரும் தேத்தண்ணி குடிப்பதில்லை. அவருடைய மனைவி பத்மாவதி அக்கா பொங்கிக் கொடுத்தனுப்பிய புக்கையைச் சிலர் மாட்டுக்கு வைத்தார்கள்.

ஒருநாள் காலை அவர் எங்கள் கிணற்றடியில் செய்ததை நான் குசினி யன்னலால் பார்த்தேன். இறங்க முன்னர் ஒரு சிரட்டையில் கற்பூரம் கொளுத்தி, கயிற்றில் கட்டி, மெல்ல மெல்ல உள்ளே விட்டார். குனிந்து, அசையாமல், அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அது காற்றைப் பார்க்கிற வழி. அடியில் கெட்ட காற்று நின்றால் நெருப்பு அணைந்து நூர்ந்துவிடும். நூர்ந்தால் இறங்கக் கூடாது. லாம்பு விட்டால் மண்ணெண்ணெய் சிந்திக் குடிதண்ணீர் நாறும் என்றுதான் கற்பூரம். இதெல்லாம் எல்லாம் முடிந்த பிறகு பத்மாவதி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு, இந்த மனிதருக்குள்ளும் பக்தி இருக்கிறது, வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை கோயிலில் நாலு பேருக்குச் சந்தோசமாகச் சொன்னேன். அவர்மேல் இருக்கிற கோபம் குறையட்டும் என்றுதான் சொன்னேன்.

கதை அப்படிப் போகவில்லை. கிணற்றுப் பேய்க்குக் கற்பூரம் காட்டுகிறார் என்று ஒரு பகுதி சொன்னது. வெளியில் நாத்திகர், கிணற்றடியில் பூசகர் என்று மற்றப் பகுதி. அவர் கற்பூரம் வாங்கக் கடைக்குப் போனால், "ஐயருக்கு எத்தினை கட்டி?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒரு சொல்லில் விளக்கியிருக்கலாம். அவர் விளக்கவில்லை. "உந்த மடையருக்கு நான் ஏன் விளங்கப்படுத்தவேணும்?" என்று அக்காவிடம் சொன்னாராம்.

மூன்று வருடத்துக்கு முன் திருவிழாவுக்காகப் பிள்ளையார் கோயிலின் பழைய கிணற்றை இறைக்க நினைத்தார்கள். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு பலகை போட்டு மூடிய கிணறு. வேறு ஆள் இல்லாததால் அவரையே கூப்பிட்டார்கள். நான் பக்கத்தில் இருந்து மாலை கட்டிக்கொண்டிருந்தேன். பலகையை எடுத்ததும் சேற்று நாற்றம் வரும் என்று மூக்கைப் பொத்தினோம். ஒரு மணமும் வரவில்லை. உள்ளே இருந்த குளிர் மட்டும் மேலே வந்து எங்கள் காலைத் தொட்டது.

அவர் சேட்டைக் கழற்றிவிட்டுச் சிரட்டையை எடுத்தார். கோயில் செயலாளர் ஜெயரூபன் சிரித்தார்.

"காட்டுங்கோ அண்ணை, காட்டுங்கோ. பிள்ளையாருக்கு முன்னாலை என்ன வெக்கம்? வேணுமெண்டால் நாங்கள் மணி அடிக்கிறம்."

ஒருவர் உண்மையாகவே மணியை ஒருமுறை அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

நாகலிங்கண்ணை சிரட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கதை எங்கே தொடங்கியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சிரட்டையைக் கிணற்றுக்கட்டில் கவிழ்த்து வைத்தார்.

"காட்டமாட்டன். இண்டைக்கு ஒண்டும் காட்டமாட்டன். கயித்தைப் பிடியுங்கோ."

இறங்கினார். பாதம் சுவரில் தடவுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கயிறு இளகியது.

"அண்ணை, என்ன பாடு?" என்றார் ஜெயரூபன்.

"பாடு" என்று கிணறு திருப்பிச் சொன்னது. அவ்வளவுதான்.

ஜெயரூபன் இறங்கக் கிணற்றுக்கட்டில் ஒரு காலைத் தூக்கி வைத்தார். இருட்டில் ஆள் தெரியட்டும் என்று நான் அந்தச் சிரட்டையில் கற்பூரம் கொளுத்தி உள்ளே விட்டேன். பாதிக் கிணற்றில் அது, யாரோ இரண்டு விரலால் கிள்ளியதுபோல நூர்ந்தது. திரும்பக் கொளுத்தினேன். அதே இடத்தில் நூர்ந்தது. ஜெயரூபன் காலை மெல்ல எடுத்தார். நாகலிங்கண்ணையைச் சவமாகத்தான் பின்னேரம் தூக்கினார்கள்.

இப்போது ஒவ்வொரு திருவிழாவுக்கும் அந்தக் கிணற்றை இறைக்கிறார்கள். முதலில் ஐயர் சிரட்டையில் கற்பூரம் கொளுத்தி உள்ளே விடுவார். மணி அடிக்கும். எல்லோரும் கும்பிடுவார்கள். பத்மாவதி அக்கா றோட்டில் நின்று பார்ப்பா. "காத்துப் பாக்கிறதைக் கும்பிடுதுகள்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னா.

கெட்ட காற்று இப்போது இல்லை. நெருப்பு தண்ணீர் வரைக்கும் எரிந்துகொண்டே போகும். ஆனால் பாதிக் கிணற்றில், அந்த இடத்தில், ஒரு கணம் சாய்ந்து நிற்கும். அப்போது சுவரில் பாதம் தடவுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கண்டதை ஒருமுறை சொன்னது போதும்.