'போதாது' என்று எழுதாத அறிக்கை

என் மகள் வெளிநாட்டில் ஒரு புற்றுநோய் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். போன மாதம் பாலையூற்றிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவள், மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். திரையில் மயிரிழை போன்ற குழாய் ஒன்றில் உயிர்க்கலங்கள் வரிசையாக ஓடின. ஓட ஓட ஒவ்வொன்றையும் கருவி படம் பிடித்தது.

"ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கில அப்பா. கெட்ட கலம் ஒண்டிரண்டு இருந்தாலும் ஆரம்பத்திலயே பிடிச்சிடும். உங்களை மாதிரிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை."

"இஞ்ச எப்ப கொண்டு வருவாங்கள்? நான் செத்தாப் பிறகோ?"

"ஏன் கோவிக்கிறீங்கள்? அம்மாவின்ர காலத்தில இது இல்லை. நீங்கள் என்ன செய்ய ஏலும்?"

இந்த ஆறுதல்தான் எனக்கு எரிச்சல். மனைவி போனதிலிருந்து எல்லோரும் இதையே சொல்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நுணுக்குக்காட்டியில் கலங்களைப் பார்த்தவன் நான். மனைவிக்குச் சிறுநீரில் இரத்தம் கண்டபோது, சோதனைக்குக் கொடுக்க அவள் உடன்படவில்லை. "உங்கட ஆக்களுக்கு முன்னால சலப் போத்திலோட நிக்க எனக்கு ஏலாது." கடைசியில் ஒருநாள் காலை போத்திலை என் பைக்குள் வைத்துத் தந்தாள். வழியில் மீன் சந்தையில் இறங்கினேன். பாரைக்கு விலை பேசி, அறிந்தவர்களோடு கதைத்து முடியும்வரை, சைக்கிளில் தொங்கிய பை வெயிலில் காய்ந்தது.

ஆஸ்பத்திரியில் நானே பார்த்தபோது, கண்ணாடித் தட்டில் கலங்கள் வெயிலில் சிதைந்திருந்தன. முழுசாக மிஞ்சியவை மிகக் குறைவு. 'மாதிரி போதாது, மீண்டும் அனுப்பவும்' என்று எழுதுவதுதான் முறை. வேறு யாருடையதாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அவளிடம் இன்னொரு முறை கேட்டு ஏச்சு வாங்க மனமில்லை. 'அசாதாரணக் கலங்கள் இல்லை' என்று எழுதினேன். சந்தேகமானவை மட்டுந்தான் மறுபடி பார்க்க நோயியல் டொக்டரிடம் போகும், இது போகவில்லை. அடுத்த முறை இரத்தம் கண்டபோது நோய் பரவியிருந்தது.

எல்லாவற்றையும் மகளிடம் சொன்னேன். "உன்ர மெஷினும் 'போதாது' எண்டுதான் சொல்லியிருக்கும். எனக்கும் அது தெரிஞ்சது. கண்ணில பிழை இல்லைப் பிள்ளை. எழுதினதுதான் பிழை."

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"ஒரு போத்தில்தானே அப்பா. அடுத்த நாள் கேட்டிருக்கலாமே."

"ஓம்."

"அம்மாவுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை. அந்த ரிப்போட்டைப் பார்த்திட்டு, மாதா கோயிலுக்குப் போய் நன்றிக்கு மெழுகுதிரி கொளுத்தினவ."