கன்னக்கறி

போன வருடம் மாசி மாதம், இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் ஆட்டோ ஓட்டுகிறவன். என் மனைவி சைப்ரஸ் நாட்டில் ஐந்து வருடம் வீட்டு வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்திருந்தாள். மகள் கண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அதனால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவள் வந்த புதிதில் வீடு நிறைய ஆட்கள். சொந்தக்காரர்கள், தோட்டத்து லயத்தில் முன்பு பக்கத்தில் குடியிருந்த பெண்கள், கூடத் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள் என்று தினமும் யாராவது வருவார்கள். பெட்டியைத் திறந்து காட்டினாள், சாக்லட் கொடுத்தாள், துணி கொடுத்தாள். எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் கவனித்தேன், இவள் பேசுவதே இல்லை. சமைப்பாள், துவைப்பாள், வேலை முடிந்தால் ஜன்னல் ஓரம் நின்று எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டால், "ஒண்ணுமில்லீங்க" என்பாள். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டம்மா, கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டச் சொன்னார். எனக்கோ வேறு பயம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பெண்களுக்கு என்னவெல்லாம் நடக்கிறது என்று பேப்பரில் படிக்கிறோமே. அப்படி ஏதாவது இவளுக்கும் நடந்து, சொல்ல முடியாமல் மனதுக்குள் வைத்திருக்கிறாளோ? கேட்கவும் பயமாக இருந்தது. கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்றி இறைச்சி வாங்கி வந்தேன். எங்கள் பக்கத்தில் தோலும் கொழுப்புமாகச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டினால், இந்தக் குளிருக்கு இரண்டு தட்டுச் சோறு தானாக இறங்கும். அன்றைக்கும் அப்படித்தான் செய்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று சொன்னாள்.

"அங்க நாங்க கன்னம் சாப்புடுவோம்."

"யாரு கன்னம்?"

"பன்னிக் கன்னந்தாங்க. மெத்துன்னு இருக்கும். பல்லே வேணாம்."

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அந்த நாட்டைப் பற்றி அவள் தானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த 'நாங்க' காதில் நின்றுவிட்டது. யார் அந்த 'நாங்க'? நேராகக் கேட்கத் தைரியம் இல்லை. சரி, முதலில் அந்தக் கன்னத்தைக் கண்டுபிடிப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

எத்தனையோ வருடமாகப் பன்றி இறைச்சி சாப்பிடுகிறேன். கன்னத்தில் என்ன கறி இருக்கும் என்று யோசித்ததே இல்லை. ஹட்டனில் வழக்கமாக வாங்கும் கடையில் கேட்டேன். என் கன்னத்தையே தொட்டுக் காட்டினேன். கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். "கன்னமா? என்னாண்ணே, முத்தம் குடுக்கப் போறீங்களா?" கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அங்கே தலையே வருவதில்லையாம்.

பிறகு பொகவந்தலாவைக்கு ஒரு சவாரி போனபோது, வழியில் ஒரு சிங்களவர் வைத்திருக்கும் சின்ன இறைச்சிக் கடையில் நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவரிடம் கேட்டேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் பதில் சொன்னார்.

"கன்னம் மட்டும் வெட்டித் தர ஏலாது மல்லி. ஒலுவ முழுசா எடுக்கணும். சனிக்கிழமை வாங்க."

மல்லி என்றால் தம்பி, ஒலுவ என்றால் தலை. முழுத் தலை! யோசித்தேன். ஆனால் ஆசை விடவில்லை. அந்தச் சனிக்கிழமை போய், பெரிய பை ஒன்றில் தலையை வாங்கி வண்டியின் பின்சீட்டுக்குக் கீழே வைத்தேன். கொறக்காப் புளி போட்டு நன்றாக வேகவைக்கச் சொல்லி, ஒரு கை கொறக்காவையும் காகிதத்தில் மடித்துத் தந்தார் அந்த மனிதர்.

திரும்பும் வழியில் நோர்வூட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பாய் கை காட்டினார். அவர் என் வண்டியில் மட்டும்தான் ஏறுவார். நிறுத்தாமல் போகவும் முடியாது, ஏற்றவும் முடியாது. நிறுத்தி உண்மையைச் சொன்னேன்.

"பாய், கோவிச்சுக்காதீங்க. வண்டியில பன்னித் தல இருக்கு."

ஏறக் காலை வைத்தவர் அப்படியே பின்னால் போனார். பிறகு சிரித்துவிட்டார். "சொன்னது நல்லதாப் போச்சு தம்பி. நீங்க போங்க, நான் பஸ்ஸுல வாறேன். வண்டியக் கழுவிட்டு நாளைக்கி வந்து ஏத்துங்க."

வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் தலையை எடுத்து வைத்தேன். அவள் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். தலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னாங்க இது?"

"கன்னம்."

அப்போது சிரித்தாள் பாருங்கள். வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். ஊருக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நானே வெட்டுகிறேன் என்று கத்தியை எடுத்தேன். காதுக்குக் கீழே தொங்கும் சதையைத் தோலோடு அறுத்து எடுத்து, இதோ கன்னம் என்று காட்டினேன். பார்த்தால் முழுக்கக் கொழுப்பு.

"அது இல்லீங்க, உள்ளுக்க இருக்கு. கத்தியக் குடுங்க."

என் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். வாய் ஓரத்திலிருந்து தாடை எலும்பை ஒட்டிக் கத்தியை விட்டு, கொழுப்பை விரலால் ஒதுக்கிக்கொண்டே போனாள். அவசரமே இல்லை. கடைசியில் கொழுப்புக்கு அடியிலிருந்து உள்ளங்கை அளவில் உருண்டையாக ஒரு துண்டு வந்தது. கருஞ்சிவப்பு நிறம். மேலே வெள்ளியைப் போல மெல்லிய ஒரு சவ்வு. மறுபக்கம் இன்னொன்று. அவ்வளவு பெரிய தலைக்கு இரண்டே துண்டுகள்தான். தொட்டுப் பார்த்தேன், கட்டை மாதிரி இறுக்கமாக இருந்தது. நாள் முழுக்க மெல்லுகிற மிருகம் அல்லவா, அந்தச் சதைக்கு ஓய்வே கிடையாது, அதனால்தான் என்றாள். சவ்வைச் சீவி எடுக்கும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த மாதிரி அவள் கத்தி பிடித்து நான் பார்த்ததில்லை.

குக்கரில் போட்டால் சீக்கிரம் முடியுமே என்றேன். கூடாது என்றுவிட்டாள். விறகடுப்பை மூட்டி, சட்டியில் துண்டுகளை இரண்டு பக்கமும் சிவக்க வறுத்தாள். கொத்தமல்லியை மாவாக்காமல் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டாள். அங்கே இதற்குச் சிவப்பு வைன் ஊற்றுவார்களாம். எங்களிடம் ஏது வைன்? கொறக்காவை ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றினாள். மிளகு, வெங்காயம், உப்பு. மூடிவிட்டு விறகைப் பின்னால் இழுத்துத் தணலாக வைத்தாள்.

"இனி ஒண்ணும் செய்யக் கூடாது. சும்மா ஒக்காந்திருக்கணும்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அடுப்பு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்தோம். கொத்தமல்லி வாசம் மெதுவாக வர ஆரம்பித்தது. அப்போதுதான் கேட்டேன், "நாங்க கன்னம் சாப்புடுவோம்னு சொன்னியே, யாரோட?"

பலகையை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். அதே வீட்டில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருத்தியாம். இரண்டு பேருக்கும் ஒரே அறை. அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அவள் மொழி தெரியாது. அந்த ஊர் கிரேக்க மொழியைத்தான் இருவரும் கேட்டுக் கேட்டுப் படித்து, தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு. சந்தைக்குப் போய்க் கன்னம் வாங்கி வந்து, வானொலியைப் போட்டுவிட்டு, பாட்டும் ஆட்டமுமாக இப்படித்தான் சமைப்பார்களாம். "நாங்க ரெண்டு பேரும் கடல்ல குளிச்சிருக்கோங்க" என்றாள். என் மனைவி. கடலில். எனக்கு நம்பவே முடியவில்லை.

"ஒன்னைய யாரும் அங்க ஒண்ணும் செய்யலியே?" அடக்கிவைத்திருந்த கேள்வி வாயில் வந்துவிட்டது.

"ஐயோ, இல்லீங்க. வேல கஷ்டந்தான். ஆனா..." என்று நிறுத்தினாள். "நான் அங்க சந்தோசமாவும் இருந்தேங்க. அத எப்புடிச் சொல்றது? நீங்க இங்க தனியாக் கெடந்தீங்க. புள்ள அம்மா இல்லாம வளந்துச்சு. நான் சிரிச்சிக்கிட்டு இருந்தேன்னு சொன்னா என்னா நெனைப்பீங்க?"

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்குச் சுருக்கென்றது. நான் இங்கே தனியாகச் சோறு பொங்கிச் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. ஆனால் இத்தனை நாளாக நான் பயந்த பயம் என்ன, அவள் மறைத்து வைத்திருந்தது என்ன! நெஞ்சிலிருந்த பெரிய பாரம் இறங்கியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம்? நீச்சல் அடிப்பியா?" என்றேன்.

"முழங்கால் தண்ணியிலதாங்க" என்று சிரித்தாள்.

சட்டியைத் திறந்தபோது கறி பாதியாகச் சுருங்கி, மேலே பளபளவென்று இருந்தது. கரண்டி பட்டதும் தானாகப் பிரிந்தது. முதல் வாய் வைத்தபோது கறி என்றே தோன்றவில்லை. நாக்கில் கரைந்து, புளிப்பும் கொத்தமல்லியுமாகப் பின்னால் ஒரு ருசி வந்தது. அந்த நாட்டுக் கறியும் இல்லை, எங்கள் ஊர்க் கறியும் இல்லை.

"ஒரு போன் பேசட்டுமா?" என்று கேட்டாள். அந்தச் சினேகிதி இப்போது இத்தாலியில் வேலை செய்கிறாளாம். ஊருக்கு வந்த பிறகு ஒரு தடவைகூட அவளோடு பேசவில்லையாம். "நீங்க என்னா நெனைப்பீங்களோன்னு இருந்துச்சு" என்றாள்.

போனில் ஒரு முகம் வந்தது. இவள் சட்டியைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். பிறகு என் மனைவி பேச ஆரம்பித்தாள் பாருங்கள், தட்டுத் தடுமாறாமல், கையை ஆட்டி ஆட்டி, கடகடவென்று ஒரு மொழி! எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. நடுவில் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலையை மேசையில் வைத்த கதையாக இருக்கும். கையில் தட்டோடு நான் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். புதிதாக ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல இருந்தது.

மீதித் தலையைப் பக்கத்து வீட்டம்மா சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். கயிறு கட்டும் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

இப்போதும் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில், வெளிநாட்டிலிருந்து பெரிய பெட்டியோடு வந்து இறங்கும் பெண்கள் என் வண்டியில் ஏறுவார்கள். அங்கே என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். முதலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பிறகு தோட்டம் வரைக்கும் பேச்சு நிற்காது. அன்றைக்கு அடுப்பு முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், என் மனைவியின் ஐந்து வருட வாழ்க்கை தெரியாமலே அவளோடு காலம் முழுக்கக் குடும்பம் நடத்தியிருப்பேனே என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குப் பகீரென்கிறது.