ஆர் சாகினம், எத்தினை மணிக்கு?

படம் பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே கதை தெரிந்துவிடக் கூடாது என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். என் அப்பா நேர்மாறு. புதன்கிழமை காலையில் காரில் ஏறி சீற் பெல்ற்றைப் போட்டதும் கேட்பார்.

"பிள்ளை, ஆர் சாகினம்? எத்தினை மணிக்கு?"

ஆளை மட்டும் சொல்லித் தப்ப முடியாது. படம் தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் அந்த உயிர் போகிறது என்றும் சொல்லவேண்டும். ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், நேரம் குறிக்காமல் அவருக்கு எதுவும் சரிவராது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய கிளென் வேவர்லியில், எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடக் கார் ஓட்டத்தில் அந்தத் தியேட்டர். வயதானவர்களுக்காகப் புதன் காலையில் ஒரு காட்சி, தேநீரும் பிஸ்கற்றும் உண்டு. அம்மா இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அதன் பிறகு அப்பா வெளியே வருவது இதற்கு மட்டும்தான். கோயிலுக்குக் கூப்பிட்டால் முழங்கால் வலி, கலியாணவீட்டுக்குக் கூப்பிட்டால் சளி. மற்ற நாளெல்லாம் கதிரையில் சாய்ந்திருந்து வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். இந்தப் புதன்கிழமையும் நின்றுபோனால் மனிதர் ஒரேயடியாகக் கதிரையோடு ஒட்டிக்கொள்வார் என்று எனக்குப் பயம். அதனால் வாரத்தில் ஒரு நாள் வேலையைக் குறைத்துக்கொண்டு, திரைப்படச் சாவுகளை முன்கூட்டி விசாரித்துச் சொல்லும் பதவியை ஏற்றேன்.

அவருக்குப் பிடித்தது ஒரே வகைப் படம். அறுபதுகளில் நடக்கவேண்டும். நீளத் தலைமயிர், பூப்போட்ட சட்டை, வர்ணமடித்த வான் வண்டி, யுத்தம் வேண்டாம் என்று ஓர் ஊர்வலம். கூடவே ஒரு குடும்பம் உடையவேண்டும். தகப்பன் கத்துவார், மகன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போவான், யாராவது ஒருவர் செத்த பிறகுதான் மிச்சப்பேர் கட்டிப்பிடிப்பார்கள். எனக்கு இந்தப் படங்களைக் கண்டால் எரிச்சல். ஒரு ரெலிபோன் அழைப்பில் முடிக்கவேண்டிய விஷயத்துக்கு இரண்டு மணித்தியாலம். அப்பாவுக்கோ அது அவருடைய இளமைக்காலம்.

"இவங்கள் கிற்றார் அடிச்சுக்கொண்டு திரியேக்க நான் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். உலகம் மாறுதெண்டு எனக்கு ஒருத்தரும் தந்தி அடிக்கேல்லை" என்பார்.

பண்ணைவீடு ஒன்றில் இருபது பேர் கூட்டாக வாழ்வதைக் காட்டினால் என் காதுக்குள், "இவ்வளவு பேருக்கும் ஆர் சமைக்கிறது?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். எந்தப் படத்திலும் அதற்குப் பதில் இல்லை. உலை வைக்காமலே புரட்சி செய்கிறார்கள்.

முழுக் கதையையும் போட்டு உடைக்கிற இணையப் பக்கங்கள் இருப்பதால் என் பதவி அவ்வளவு கஷ்டமில்லை. நிமிடத்தை மட்டும் குத்துமதிப்பாகச் சொல்வேன். "தம்பிக்காரன். எழுபதாவது நிமிசம். மோட்டார்சைக்கிள்." அப்பா தலையாட்டிவிட்டு ஜன்னலால் வெளியே பார்ப்பார். அந்த நிமிடத்தில் கண்ணை மூடிக்கொள்வதற்காகத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். இருட்டில் எட்டிப் பார்த்து உறுதிசெய்ததில்லை.

போன மாதம் வந்தது புத்தம்புதிய படம். எந்தப் பக்கத்திலும் முடிவு இல்லை. நான் முன்னோட்டத்தை மட்டும் பார்த்தேன். பூமாலை போட்ட பெண்கள் ஆற்றங்கரையில் ஆடினார்கள், ஒரு தாய் சிரித்துச் சிரித்துக் கேக் வெட்டினாள். எனக்கு அது போதுமாயிருந்தது.

"ஒருத்தரும் சாகேல்லை அப்பா. சந்தோசமான படம்."

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும் இல்லை."

கேக் வெட்டிய தாய்க்குப் புற்றுநோய். படம் பாதி போன பிறகுதான் அதைச் சொன்னார்கள். சண்டை பிடித்துக்கொண்டு போன மகன், வழக்கமான அந்த வர்ண வான் வண்டியில் திரும்பி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். "இன்னும் ஒருத்தரும் சாகேல்லைத்தானே, ஒருக்காப் போட்டு வாறன்" என்று அப்பா கழிப்பறைக்கு எழும்பினார். அவர் வாசலைத் தாண்டியிருக்கமாட்டார், தாய் போய்ச் சேர்ந்தாள். பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். அப்பா திரும்பி வரும்போது வெறுங்காலோடு நின்ற பிள்ளைகள் புதைகுழியைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடைபாதையில் நின்றபடி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போய்விட்டார்.

தேநீர் மேசையடியில் கையில் பிஸ்கற்றோடு நின்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அப்பா. உங்களுக்கு அதிர்ச்சியாப் போச்சுது."

"எண்பது வயசில எனக்கென்ன அதிர்ச்சி? நீ சொல்லியிருந்தா நான் எழும்பியிருக்க மாட்டன்." குரல் உயர்ந்தது. "கொம்மா போகேக்கையும் நான் இல்லை. ஆஸ்பத்திரியில ரெண்டு மணித்தியாலப் பார்க்கிங் முடியுதெண்டு காரை மாத்தப் போனன். பதினொரு நாள் பக்கத்தில இருந்தனான். அந்தப் பத்து நிமிசம் இல்லை."

கார் மாற்றப் போனது எனக்குத் தெரியும். உங்கள் பிழை இல்லை என்று எல்லோரும் அவருக்குச் சொல்லி முடித்து, அந்த விஷயத்தை மூடிவிட்டோம். எனக்குத் தெரியாதது மற்றது. யாராவது சாகும் நேரத்தில் தன் இருக்கையில் இருக்கவேண்டும் என்பதற்காகவே இத்தனை நாளும் நேரம் கேட்டிருக்கிறார். நான் பகிடியாக நினைத்து, குத்துமதிப்பாகப் பதில் சொல்லியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா தன் பிஸ்கற்றை என் கையில் வைத்தார்.

"சரி, சரி. இதைச் சாப்பிடு. திரும்ப எப்ப இந்தப் படம் போடுறாங்கள்?"

அடுத்த நாள் மத்தியானமே போட்டார்கள். வேலையிடத்துக்கு ரெலிபோன் எடுத்து, எனக்குச் சளி என்று சொன்னேன்.

"தாய். எண்பத்திநாலாவது நிமிசம்" என்றேன் காரில். இந்தத் தடவை குத்துமதிப்பு இல்லை.

எழுபதாவது நிமிடத்தில் கழிப்பறைக்குப் போய்வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். மகன் வந்து கட்டிலருகே குந்தினான். தாயின் மூச்சு நின்றதும் அப்பா எழும்பிவிட்டார். செத்தவீட்டில் பெட்டி தூக்கும்போது எழும்புவதைப் போல, கைகட்டி நின்றார். பின்வரிசையில் ஒருவர் திரை தெரியவில்லை என்றார். இன்னொருவர் இருக்கச் சொன்னார். அப்பா திரும்பி மரியாதையாக மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, நின்றார்.

நான் முதலில் அவருடைய சட்டைக்கையைப் பிடித்து இழுத்தேன். பிறகு நானும் எழும்பினேன். பின்னால் இருந்தவர்களுக்கு இப்போது இரண்டு தலை.

"அம்மா போயிட்டா, பிள்ளை" என்றார் அப்பா.

"ஓம் அப்பா" என்றேன்.