நீதானா என் வாயி?

சாலிகிராமத்தில் யாராவது என்னிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் "சென்னைதான்" என்பேன். சென்னையில் எங்கே என்று அடுத்த கேள்வி வந்தால், "பீச் ஸ்டேஷன் தாண்டி, அந்தப் பக்கம்" என்று கையை எங்கோ காட்டிவிட்டு மைக் முன்னால் போய் நின்றுகொள்வேன். பதினேழு வருடங்களாக டப்பிங் பேசுகிறேன். டாக்டரம்மா, கதாநாயகியின் அக்கா, கோயிலில் நின்று ஆறுதல் சொல்லும் பெரியம்மா என்று சீரியல்களில் திருத்தமாகப் பேசும் பெண்கள் பலருக்கு என் குரல்தான். அந்தக் குரல் வடசென்னையில், டோல்கேட்டில் வளர்ந்தது என்று யாருக்கும் தெரிந்துவிடக்கூடாது என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன்.

அதற்குக் காரணம் ஒரு டம்ளர் தண்ணீர். முதன்முதலில் குரல் சோதனைக்குப் போனபோது கொடுத்த பக்கத்தைத் தப்பில்லாமல் படித்துவிட்டேன். நல்லாயிருக்கு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வெளியே வந்த நிம்மதியில், வராந்தாவில் நின்றிருந்தவர்களிடம் "தண்ணி எங்க கீது?" என்று கேட்டுவிட்டேன். ஒருவர் அதையே திருப்பிச் சொன்னார், காமெடி நடிகரைப் போல முகத்தைக் கோணிக்கொண்டு. எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத சிரிப்புதான். ஆனால் அன்று நான் தண்ணீர் குடிக்காமலே பஸ் ஏறினேன்.

அதன்பிறகு ஆறு மாதம், வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செய்தித்தாளை வாய்விட்டுப் படித்தேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நாக்கு பழகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் பழைய பேச்சு தானாக வந்துவிடும். அப்பா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றியவர். இரும்பு விழும் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அவருக்கு. அவரால் எங்கள் வீட்டில் எல்லோருமே சத்தமாகத்தான் பேசுவோம்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு சீரியலில் மீன்காரம்மா வேடம் ஒன்று வந்தது. கதாநாயகியின் தோழிக்கு அம்மா. நடித்தவர் ஐம்பது வயதுக்கு மேலான ஒரு பெண். முகத்தில் அப்படி ஒரு களை. மானிட்டரில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் அவர் குரல் தெளிவாக இல்லை, டப்பிங் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டார் டைரக்டர்.

"மேடம், இது மெட்ராஸ் பாஷை. உங்களுக்கு வருமா?"

"முயற்சி பண்றேன் சார்" என்றேன்.

வீட்டில் பேசுவதைப் போலவே முதல் வசனத்தைப் பேசினேன். டைரக்டருக்குப் போதவில்லை. "இன்னும் லோக்கலா வேணும் மேடம். சத்தமா, கொஞ்சம் கலீஜா. சண்டைக்காரி மாதிரி." அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. படங்களில் காலம்காலமாக வரும் அந்தப் பேச்சு. எங்கள் தெருவில் எவரும் அப்படி இழுத்து இழுத்துப் பேசிக் கேட்டதில்லை. அதைப் பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் கைதட்டினார்கள். "பின்னிட்டீங்க மேடம், பிறந்ததிலேர்ந்து அங்கேயே இருந்த மாதிரி இருக்கு" என்றார் டைரக்டர்.

நாற்பது எபிசோடுக்கு மேல் அப்படியே பேசினேன். அந்த நடிகையை நான் நேரில் பார்த்ததே இல்லை. படப்பிடிப்பு போரூர் பக்கம் ஒரு பங்களாவில் நடந்தது, டப்பிங் சாலிகிராமத்தில். ஒருநாள் என் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மீன்காரம்மா திரையில் கத்திக்கொண்டிருந்தாள். அது என் குரல் என்று அம்மாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

"யாரு இவ? ஆளப் பாத்தா நம்ப ஆளு கணக்கா கீறா. வாயத் தொறந்தா நம்மள நக்கல் பண்றா" என்றார் அம்மா.

நான் சமையலறைக்குள் போனேன்.

கொஞ்ச நாளில் அந்தக் காட்சி வந்தது. மகளை மாமியார் வீட்டில் அடித்துத் துரத்திவிடுகிறார்கள். ஒரு பையோடு அவள் அம்மா வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். என் கையில் இருந்த தாளில் அரைப் பக்க வசனம். மாப்பிள்ளையின் குலத்தையே இழுத்துத் திட்டி, தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள் தாய். ஆனால் திரையில் அந்தப் பெண் அப்படி எதுவும் செய்யவில்லை. மகளைப் பார்க்கிறாள். உதடு சில முறை மட்டும் அசைகிறது. பிறகு நகர்ந்து வழிவிடுகிறாள். அவ்வளவுதான். நடிப்பு நன்றாக இருந்ததால் டைரக்டர் அந்த டேக்கை ஓகே செய்துவிட்டு, மிச்சத்தை டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார். மூடியிருக்கும் வாய்க்கு நான் அரைப் பக்கம் பேச வேண்டும்.

"பைலட்ல என்னதான் பேசியிருக்காங்க? போடுங்க" என்றேன். படப்பிடிப்பில் பதிவாகும் சொந்தக் குரலைத்தான் பைலட் என்போம். வழக்கமாக அதை மெல்லிசாக வைத்து, உதட்டசைவுக்கு மட்டும் பயன்படுத்துவோம். சவுண்ட் இன்ஜினியர் முழுச் சத்தத்தில் போட்டார்.

ஹெட்போனில் ஜெனரேட்டர் இரைச்சல். அதற்கு நடுவே கரகரத்த ஒரு குரல்.

"வந்துட்டியா. செருப்ப அவுத்துட்டு வா. சோறு கீது."

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். இன்னொரு முறை போடட்டுமா என்று இன்ஜினியர் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து, "இதுக்கு மேல நான் இன்னா பேசறது?" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. அவர் எங்களோடு பேச வைத்திருக்கும் டாக்பேக் பொத்தானை அழுத்தினார். நாலு வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர்.

"அக்கா, நீங்க எந்தப் பக்கம்?"

"டோல்கேட்டு."

"நான் எண்ணூர்க்கா" என்றார். பிறகு சிரித்தார். "இத்தினி நாளா ரெண்டு பேரும் சொம்மாவே இருந்துகினோம் பாருங்க." அந்த நடிகை காசிமேட்டுக்காரர் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பத்து வருடம் முன்பு ஒரு படத்துக்காகத் துறைமுகத்தில் கூட்டம் தேவைப்பட்டபோது, மீன் விற்றுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்களாம். அன்றிலிருந்து ஏதோ ஒரு படத்தில் ஓர் ஓரமாக நின்றுகொண்டிருக்கிறார். வசனம் உள்ள வேடம் இதுதான் முதல்.

அப்போதே டைரக்டருக்குப் போன் செய்தேன்.

"சார், இந்த சீனை அந்த அம்மாவையே டப் பண்ணச் சொல்லுங்க."

"மேடம், அவங்க பேசறது கோயம்புத்தூர்ல யாருக்குப் புரியும்?"

"வந்துட்டியா, செருப்ப அவுத்துட்டு வா, சோறு கீது. இதுல எந்த வார்த்தை சார் புரியாது?"

நான் எதிர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை. "நாளைக்கு மத்தியானம் எபிசோடு சேனலுக்குப் போகணும். அதுக்குள்ள அவங்களால முடியலன்னா எழுதின வசனத்தை நீங்களே பேசிக் குடுத்துடுங்க" என்றார்.

இன்ஜினியர் யாரிடமோ கேட்டு முகவரி வாங்கிக் கொடுத்தார். சாயங்காலமே காசிமேட்டுக்குப் போனேன். குடிசை மாற்று வாரிய வீட்டில் முதல் மாடி. கதவு திறந்திருந்தது. நாற்பது எபிசோடாக நான் நெருங்கிப் பார்த்துக்கொண்டிருந்த முகம், ஒப்பனை இல்லாமல், தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா என் வாயி?"

"ஆமாங்க."

"பாக்கணும்னு நெனச்சிகினே இருந்தேன். வா, குந்து. எங்க ஜனமெல்லாம் கேக்குறாங்கோ, இன்னாத்துக்கு நீ இப்டி கத்துறன்னு. நானா கத்துறேன்? யாரோ மைலாப்பூர்ப் பொம்பள நம்மள கிண்டல் பண்றான்னு சொல்லிகினு கீறேன்."

"நானு மைலாப்பூர் இல்லீங்க, டோல்கேட்டு" என்றேன்.

"சொம்மா சொல்லாத."

"மெய்யாலுந்தான். நைனா சாத்தாங்காட்டுல லோடு ஏத்திகினு இருந்துச்சு. எங்கம்மாவும் உங்கள மாரியேதான் கேட்டுச்சு, யாரு இவ நம்மள நக்கல் பண்றான்னு. அது நான்னு அதுக்கு இன்னும் தெரியாது."

வெளி ஆளிடம் அந்தப் பேச்சில் நான் பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அவர் கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் மெதுவாகக் கேட்டார்: "அப்பறம் ஏம்மா அப்டிப் பேசுன?"

"அப்டிதான் வேணும்னாங்க."

"கேட்டா குட்த்துடுவியா?"

நான் அவர் கீழே வைத்த கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. எனக்கு டீ போட எழுந்து போனார்.

மறுநாள் காலை மெட்ரோவில் இருவரும் வடபழனி போய், அங்கிருந்து ஆட்டோவில் சாலிகிராமம் போனோம். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். டப்பிங் அறைக்குள் நுழைந்து கதவை மூடியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாது இது, காது செத்த மாரி கீது?"

"வெளிச் சத்தம் வரக் கூடாதுல்ல, அதான்" என்றேன். கண்ணாடி வளையல்கள் மைக்கில் சலசலத்தன. கழற்றச் சொன்னேன். இதுவரை கழற்றியதில்லை என்றவர், ஒவ்வொன்றாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

திரையில் அவர் முகம் வந்தது. அதைப் பார்த்ததும் பேச மறந்துவிட்டார். அடுத்த டேக்கில் உதடு அசையும் முன்பே பேசிவிட்டார். அதற்கடுத்த டேக்கில் படம் முடிந்த பிறகு பேசினார். எட்டு டேக் போனது. குரல் இறுகிக்கொண்டே வந்தது. யாரோ எழுதிக் கொடுத்ததைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல ஆகிவிட்டது. பதினொரு மணி. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எனுக்கு வர்ல. நீயே பேசிடும்மா. இந்தத் தடவ கத்தாம பேசு, அது போதும்."

அப்போது இன்ஜினியர் டாக்பேக்கில் பேசினார். "யம்மா, படத்தப் பாக்காதீங்கோ. ஸ்கிரீன அணைச்சிட்றேன். அக்கா, நீங்க வெளில போயிட்டு கதவத் தொறந்து உள்ள வாங்க. அவங்க உங்களாண்ட பேசட்டும். உதட்டுக்கு நான் ஒட்டிக்கிறேன்."

நான் வெளியே போனேன். என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். வராந்தாவில் கொஞ்சம் நின்றேன். பிறகு கதவை மெதுவாகத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, வாசலிலேயே நின்றேன். அறை இருட்டாக இருந்தது. மைக் மேலிருந்த சிறிய விளக்கு மட்டும் எரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"வந்துட்டியா" என்றார். கொஞ்சம் இடைவெளி. "செருப்ப அவுத்துட்டு வா. சோறு கீது."

நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை. டப்பிங் அறைக்கு வெளியேதான் வழக்கமாகக் கழற்றுவோம், அன்று அவசரத்தில் போட்டுக்கொண்டே வந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் கட்டைவிரலை உயர்த்தினார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு டைரக்டர் வந்தார். ஒட்டிய காட்சியைப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு, "எழுதின வசனம் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"தேவப்படல சார்" என்றார் இன்ஜினியர்.

"சரி, இருக்கட்டும்" என்றார் டைரக்டர்.

அந்த எபிசோடுக்குப் பிறகு மீன்காரம்மாவுக்கு அந்த நடிகையே பேசினார். வாரத்துக்கு இரண்டு நாள் சாலிகிராமம் வருவார். முதல் பத்து நாள் நான் எதிரில் நின்றேன். அப்புறம் தேவைப்படவில்லை. திரையைப் பார்த்தே பேசப் பழகிவிட்டார். ஒரு பாத்திரம் என் கையைவிட்டுப் போனதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்த ஒன்று, நன்றாக இல்லை என்று தெரிவது லேசான விஷயம் இல்லை. ஆனால் அம்மா டிவியை நிமிர்ந்து பார்த்து, "இப்பதான் இவ மன்சி மாரி பேசறா" என்றபோது, முன்பு பேசியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அம்மா வெகுநேரம் என்னைத் திட்டினார்.

அதன்பிறகு எட்டு மாதத்தில் சீரியல் முடிந்தது. போன மாதம் மீன்காரம்மாவாக நடித்தவரிடமிருந்து போன் வந்தது. ஒரு படத்தில் நல்ல வேடமாம். பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. சுத்தமான தமிழில் நாலு பக்கம் பேச வேண்டுமாம்.

"எனுக்கு அந்தப் பேச்சு வராதும்மா. நீ வந்து பேசு."

"நீங்களே பேசிப் பாருங்களேன், நான் எதுர்ல நிக்கிறேன்" என்றேன்.

"வாணாம். அந்த டீச்சரம்மா அப்டிதான பேசும்? அதுக்கு இன்னா பேச்சோ அத்த நீ பேசு. எனுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

அடுத்த வாரம் பதிவு. அவரும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பதற்கு.